வேப்பிலையும் லத்தியும்

அடித்தால் பேய் ஓடிவிடும் என்று நம்புகிற கோடாங்கியை மூடநம்பிக்கைக்காரர் என்கிறோம். அடித்தால் அடங்கிவிடுவான் என்று நம்புகிற காவலரை நாமே போன் போட்டு வரவழைக்கிறோம். இந்த இரண்டு நம்பிக்கைகளுக்கும் இடையில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. ஒருவர் கையில் வேப்பிலை, இன்னொருவர் கையில் லத்தி. மூளையில் நேர்ந்த கோளாறை முதுகில் அடித்துச் சரிசெய்யலாம் என்ற கணக்கு இருவருக்கும் ஒன்றுதான். கோடாங்கியைப் பற்றி மேடை போட்டுப் பேசிய பகுத்தறிவாளர்கள் காவலரின் நம்பிக்கையைக் கேள்வி கேட்டதில்லை. அவர் அரசாங்கத்தின் ஆள், சட்டம் படித்தவர். அவரிடம் மூடநம்பிக்கை இருக்காது என்று எண்ணிக்கொண்டோம். அந்த எண்ணத்துக்கு உயிரால் விலை கொடுப்பவர்கள் கிராமத்து ஏழைகள்.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய இருபத்து மூன்று வயதுப் பையன். பல நாட்களாகத் தூக்கம் இல்லை. தனக்குத்தானே பேசுகிறான். சோற்றில் மருந்து வைத்திருக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளிவிடுகிறான். ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு அரிவாளை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறான். கிட்டே வந்தால் வெட்டுவேன் என்கிறான். அவன் அம்மா யாரைக் கூப்பிடுவாள்? பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்நேரம் பிரசவம் பார்க்க ஒரு செவிலியர் இருப்பார். மனநல மருத்துவர் இருப்பது மாவட்டத் தலைமை மருத்துவமனையில். அங்கே போகக் காலையில் முதல் பஸ் பிடிக்க வேண்டும். 108 வண்டியில் வருகிற இருவர் அரிவாள் முன்னால் இறங்கத் தயங்கினால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மிச்சம் இருப்பது போலீஸ் ஸ்டேஷன்.

வருகிறவர்கள் இரண்டு காவலர்கள். காலையில் திருவிழாப் பந்தோபஸ்து, மத்தியானம் கோர்ட் டியூட்டி, இப்போது நைட் ரோந்து என்று அலைந்தவர்கள். சுற்றி நிற்கிற ஊர், ‘ரெண்டு போடு போட்டாத் தெளிஞ்சிடும் சார்’ என்கிறது. காவலர்களும் ஊராருமாக நாலு பேர் பாய்கிறார்கள். அரிவாள் கீழே விழுகிறது. பையனைக் குப்புறத் தள்ளி, துண்டால் கையைப் பின்னால் கட்டி, ஒருவர் முட்டியை முதுகில் ஊன்றுகிறார். குப்புறக் கிடப்பவனின் முதுகில் எடை ஏறினால் நெஞ்சுக்கூடு விரியாது, மூச்சு முழுதாக உள்ளே போகாது. அவன் திமிறுவது காற்றுக்காக. பிடிக்கிறவர்கள் அதை முரண்டு என்று எண்ணி இன்னும் அழுத்துகிறார்கள். இப்படிச் சாகிறவர்கள் உண்டு. தடயவியல் நூல்கள் எச்சரிக்கிற மரணம் இது.

அவனுக்குள்ளே என்ன நடந்தது என்றும் கேட்க வேண்டும். தன்னைக் கொல்ல ஆள் வருகிறார்கள் என்று ஒரு குரல் சில நாட்களாக அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அது நோயின் குரல். இன்று ராத்திரி உண்மையிலேயே ஆள் வந்தார்கள், இருட்டில் டார்ச் அடித்தார்கள், அடித்தார்கள், கட்டினார்கள். நோய் சொன்னதை அரசாங்கம் மெய்யாக்கிவிட்டது. நாளைக்கு அவனிடம் மருத்துவர் வந்து ‘உன்னை யாரும் கொல்ல வரவில்லை தம்பி’ என்றால் அவன் ஏன் நம்ப வேண்டும்?

நம் நாட்டுச் சட்டம் இந்த இடத்தில் தெளிவாகவே இருக்கிறது. 1912-இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டமும், அதை மாற்றி 1987-இல் நாம் போட்ட சட்டமும், தெருவில் திரிகிற மனநோயாளியைப் பிடித்து மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தச் சொன்னன. 2017-இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அந்த வழக்கத்தை மாற்றியது. அதன் 100-ஆவது பிரிவு, மனநோயால் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் திரிகிறவரையும், தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரையும் காவல்நிலையப் பொறுப்பதிகாரி தன் பாதுகாப்பில் எடுக்க வேண்டும் என்கிறது. எதற்காக அழைத்துப்போகிறோம் என்று அவருக்கே சொல்ல வேண்டும். கூடிய சீக்கிரம், அதிகம் போனால் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காகக் கொண்டுபோக வேண்டும். எந்த நிலையிலும் லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. வீடு தெரியாமல் அலைந்தவர் என்றால் காணாமல் போனவர் என எஃப்.ஐ.ஆர். போட்டு, அவர் குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதும் அதே அதிகாரியின் கடமை. 101-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி போகிறது: வீட்டுக்குள்ளேயே ஒரு மனநோயாளி துன்புறுத்தப்பட்டாலோ கைவிடப்பட்டாலோ ஸ்டேஷன் அதிகாரி உடனே மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை தர வேண்டும். மனநோயாளி எவரையும் எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது 95-ஆவது பிரிவு.

பஸ் ஸ்டாண்டில் கந்தலோடு படுத்திருக்கிற ஒருவரைத் திருவிழாவுக்கு முன்னால் ‘அப்புறப்படுத்த’ மனுக் கொடுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தச் சட்டம் தெரியாது. தெரியாததால் அவர்கள் கேட்பது நியாயமாகிவிடாது. அந்த மனிதருக்கு ஒரு ஊர் இருந்தது, ஒரு பெயர் இருந்தது, எங்கோ ஒரு தாய் அவர் வருவார் என்று இருக்கிறாள். அவரை லாரியில் ஏற்றி மாவட்ட எல்லை தாண்டி இறக்கிவிட்டால் சுத்தமாவது நம் கண்ணுக்கு முன்னால் இருக்கிற இடம் மட்டும்தான்.

இங்கேதான் என் குற்றச்சாட்டு காவல்துறையை விட்டு நம் பக்கம் திரும்புகிறது. காவலர் தானாக வந்து அடிப்பதில்லை. ஊர் கேட்கிறது, அவர் செய்கிறார். போன் போடும்போது நாம் வேண்டுவது அவன் குணமாவதா, நம் தெரு அமைதியாவதா? அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால் வெட்கப்பட வேண்டியிருக்கும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊரில் பெரிய வீட்டுப் பையனுக்கு இதே நோய் வந்தால் ஸ்டேஷனுக்குப் போன் போகாது. ‘தம்பிக்கு உடம்பு சரியில்லை’ என்று சொல்லி, விடியும் முன் காரில் மதுரைக்கோ வேலூருக்கோ கொண்டுபோய்விடுவார்கள். காலனிப் பையனுக்கு வந்தால்தான் ‘ரெண்டு போடு’. ஒரே நோய், ஒரே மூளை. ஒருவனுக்கு அது வியாதி, இன்னொருவனுக்குக் கொழுப்பு. சாதி இந்த இடத்திலும் தன் வேலையைப் பார்க்கிறது. அதைப் பார்க்காமல் மனநலம் பேசுவது பாதிப் பேச்சு.

ஸ்டேஷனுக்குள் போன பிறகு என்ன ஆகலாம் என்பதற்குச் சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூனில் ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்த விவகாரத்தில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் சில நாட்களில் இறந்தார்கள். கடை வைத்திருந்தவர்கள், ஊரறிந்தவர்கள், வாயுள்ளவர்கள். தன் பெயரையே சொல்லத் தெரியாமல் மிரண்டு நிற்பவனுக்கு அதே மாதிரி ஒரு ஸ்டேஷனில் ராத்திரி என்ன ஆகும் என்று யோசிக்க எனக்கு அச்சமாக இருக்கிறது.

மனநோயைப் பற்றிப் பேசும்போது பெரிதும் மறந்துபோகிற ஒரு கூட்டம் இருக்கிறது: குடிகாரர்கள். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதலில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். இரண்டு மூன்று நாளில் சிலருக்குச் சித்தம் கலங்கும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். செத்துப்போன தகப்பன் கூப்பிடுகிறான் என்பார். எதிரே நிற்பது மனைவியா வேற்றாளா என்று தெரியாது. காய்ச்சலும் படபடப்பும் கூடும். இது மருத்துவ அவசரம். சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிர் போகலாம். டயஸிபாம் அல்லது லோரஸிபாம், தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி, குளுக்கோஸ், நல்ல கண்காணிப்பு இருந்தால் பெரும்பாலோர் சில நாட்களில் தெளிந்துவிடுவார்கள். இப்போது, வாய்ச்சண்டைக்காக உள்ளே வைக்கப்பட்ட ஒரு கூலித்தொழிலாளியை எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் குடி நின்றுவிட்டது. மூன்றாம் நாள் கம்பியைப் பிடித்துக் கத்துகிறார். காவலுக்கு நிற்பவர் ‘நடிக்கிறான்’ என்கிறார். வீட்டில் இருந்திருந்தால் மனைவி ‘காத்து கருப்பு அண்டிடுச்சு’ என்று திருநீறு மந்திரிக்க ஓடியிருப்பாள். நடிப்பு என்பவரும் காத்து கருப்பு என்பவரும் ஒரே அளவுக்குத் தவறுகிறார்கள். மதுக்கடையை அரசே நடத்துகிற மாநிலத்தில், இந்த நோயின் அடையாளம் தெரியாத ஒரு ஸ்டேஷன்கூட இருக்கக் கூடாது.

குடி மட்டும் இல்லை. சர்க்கரைக்கு மருந்து போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் உளறுவார், அடிக்க வருவார். முதியவருக்கு ரத்தத்தில் உப்பு குறைந்தால் பேச்சு மாறும். மூளைக்காய்ச்சல், தலையில் அடி, வலிப்புக்குப் பிந்தைய குழப்பம் என்று பட்டியல் நீளும். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்குக் குழந்தை பிறந்த சில நாட்களில் கடும் மனப்பிறழ்வு வரும். பச்சை உடம்புக்காரியை ‘பேய் பிடிச்சவ’ என்று குழந்தையிடமிருந்து பிரித்து ஒரு மூலையில் கட்டிவைத்தால், வைத்தியம் பார்த்துத் தேற்றிவிடக் கூடிய ஒரு தாயை நாமே இழக்கிறோம். இதில் எதையும் லத்தியால் கண்டுபிடிக்க முடியாது. சர்க்கரை தாழ்ந்ததையாவது, ஒரு துளி ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் கருவி உடனே சொல்லிவிடும்.

‘வெறிகொண்டு நிற்பவனை அடிக்காமல் எப்படி அடக்குவது?’ என்று கேட்பவர்களுக்கு வேலூரிலேயே பதில் இருக்கிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவில், கட்டுக்கடங்காத நிலையில் கொண்டுவரப்பட்ட நோயாளிகளிடம் முறையான ஆய்வுகள் நடந்தன. 2004-இலும் 2007-இலும் முடிவுகள் வெளிவந்தன. ஹாலோபெரிடால், புரோமெதசின் என்ற இரண்டு பழைய, மிக மலிவான மருந்துகளைச் சேர்த்து ஊசி போட்டால், 2007 ஆய்வின்படி, கால் மணி நேரத்திலேயே பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்கு அமைதியானார்கள் அல்லது தூங்கிப்போனார்கள். உலகத்து மருத்துவர்கள் எடுத்துப் படிக்கிற ஆய்வு இது. நம் மண்ணில், நம் ஏழைகள் வந்துபோகும் மருத்துவமனையில் கண்டறிந்தது. அங்கிருந்து நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் வரை அது நடந்து வர வேண்டும். 2017 சட்டத்தின் 94-ஆவது பிரிவோ, அவசர நிலையில் உயிருக்கு ஆபத்து இருந்தால் பதிவுபெற்ற எந்த மருத்துவரும், நோயாளி நியமித்த பிரதிநிதி இருந்தால் அவர் ஒப்புதலோடு, மருத்துவமனையிலோ வெளியிலோ 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம் என்கிறது. வீட்டு வாசலிலேயே தரலாம். மருந்து இருக்கிறது, சட்டம் அனுமதிக்கிறது. அந்த வாசலுக்கு மருத்துவரோடு போகும் வண்டிதான் இல்லை.

ஏர்வாடியை நம்மில் பலர் பகுத்தறிவுக் கூட்டங்களில் எடுத்துக்காட்டாகச் சொல்வோம். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் மனநோய் தீர மக்கள் தேடிவரும் தர்கா உள்ள ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். தர்காவை நம்பி வந்தவர்களின் மூடநம்பிக்கைதான் காரணம் என்று பேசி முடித்துவிடுவது எளிது. அந்தக் குடும்பங்கள் தர்காவுக்கு வந்ததற்குக் காரணம் தர்கா திறந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எந்த நேரம் போனாலும் ‘உன் பிள்ளையைக் கொண்டுவா’ என்று சொல்கிற இடம் அது ஒன்றுதான் இருந்தது. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் திருச்சியில் முதலில் வந்தது 1990-களின் பின்பாதியில். ராமநாதபுரத்துக்கு அது வந்து சேர்வதற்குள் ஏர்வாடி எரிந்துவிட்டது. பிறகு அரசாங்கம் செய்த ஒரு காரியத்தைப் பாராட்டுகிறேன்: தர்கா வளாகத்தருகிலேயே மனநல மருத்துவரை உட்காரவைத்து, துஆ எனும் பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்து கிடைக்க ஏற்பாடு செய்தது. கடவுள் மறுப்பாளர்கள் சிலருக்கு இது சமரசமாகப் படலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. சங்கிலியை அவிழ்த்து மாத்திரையைக் கையில் கொடுக்கிற எந்த வழியும் எனக்குப் பகுத்தறிவின் வழியே.

கதவு திறந்திருந்தால் மக்கள் வருவார்கள் என்பதற்குப் பிரசவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் அதைச் சுற்றி எத்தனை மந்திரமும் தோஷமும் தீட்டும் இருந்தன! அவற்றை எல்லாம் வாதாடித் தோற்கடித்துவிட்டா தமிழ்நாட்டுப் பெண்களை மருத்துவமனைக்கு வரவழைத்தோம்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு முழுதும் செவிலியரை இருக்கவைத்தோம், 1987-இலிருந்து கர்ப்பிணிக்குப் பண உதவி கொடுத்தோம், 2008-இல் 108 வண்டி விட்டோம். தீட்டு என்ற நம்பிக்கை பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஆனாலும் இன்று தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் அரிது. ராத்திரியில் திறந்திருக்கும் ஒரு கதவு, நூறு மேடைப்பேச்சு செய்யாததைச் செய்தது. மனநோய்க்கு அந்தக் கதவைத் திறக்காமல் கோடாங்கியிடம் போகிறவர்களைத் திட்டுவது அறிவுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி மனநோய் உள்ளவர்களில் பெரும்பான்மையோருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை; நோய்க்கு நோய் இந்த இடைவெளி 70 முதல் 92 சதவீதம். இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. அவர்களும் நகரங்களில்தான் இருக்கிறார்கள்.

அரிவாள் கையில் இருக்கும்போது காவலர் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். அரிவாளுக்காக வேண்டும், நோய்க்காக வேண்டாம். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் காவலர் ஒரு மனநோயாளியைச் சுட்டுக்கொன்ற பிறகு, 1988-இல் இப்படிப்பட்ட அழைப்புகளுக்கென்றே பயிற்சி பெற்ற காவலர் குழுவை அமைத்தார்கள். அதே நாட்டின் யூஜீன் என்ற ஊரில் 1989 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயுதம் இல்லாத ஒரு மருத்துவ உதவியாளரும் நெருக்கடி ஆலோசகரும் வண்டியில் போனார்கள். நாம் அவர்களைப் பார்த்துப் படியெடுக்க வேண்டியதில்லை. துப்பாக்கி அவர்கள் சிக்கல். நம் சிக்கல் கயிறும் லத்தியும். தூரத்தில் நிற்பது, கூட்டத்தைக் கலைப்பது, ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் பேசுவது, டார்ச்சை முகத்தில் அடிக்காமல் இருப்பது, அவன் நம்புகிற ஒரு ஆளைக் கூட்டிவருவது, அவசரப்படாமல் ஒரு மணி நேரம் காத்திருப்பது. இவை எதற்கும் நிதி ஒதுக்கீடு தேவையில்லை. காவலர்களுக்கு அவ்வப்போது இந்தப் பயிற்சி தர வேண்டும் என்பதும் 2017 சட்டத்தில், 30-ஆவது பிரிவில், எழுதியிருக்கிற கடமைதான்.

காவல்துறைக்கு இது புரியாத விஷயமும் இல்லை. தூக்கமின்மை, குடி, தற்கொலை என்று தன் காவலர்களே நொந்துபோவதைப் பார்த்துத் தமிழ்நாடு காவல்துறை 2018-இல் பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் துணையோடு நிறைவாழ்வுப் பயிற்சியைத் தொடங்கியது. மனம் நொந்த காவலரை அடித்துத் திருத்தலாம் என்று எந்த உயர் அதிகாரியும் சொல்லவில்லை. அவருக்குப் பேச ஆள் கொடுத்தார்கள், குடும்பத்தையும் கூட்டிப் பேசினார்கள். சரியான வேலை. காக்கி போட்டவரின் மனதுக்குத் தெரிந்த வைத்தியம், காக்கி போடாதவரின் மனதுக்கும் அதே ஸ்டேஷன் வாசலில் தெரிய வேண்டும்.

தற்கொலைக்கு முயன்றவரிடமும், துன்பத்தைப் போலீஸ் விவகாரமாக்குகிற இதே கதைதான். பூச்சிமருந்து குடித்துப் பிழைத்தவரின் கட்டிலருகே ஸ்டேஷன் ரைட்டர் நோட்டோடு நின்ற காலம் நீண்டது. கடும் மன அழுத்தத்தில் செய்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டத்தின் 115-ஆவது பிரிவு சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவே இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்த உயிரை மாய்க்க முயல்வது மட்டும் தனிக் குற்றமாக இருக்கிறது. ஆனாலும் ‘கேஸ் ஆயிடும்’ என்று பயந்து, குடித்தது என்ன மருந்து என்பதை மறைக்கிற குடும்பங்கள் இன்றும் உண்டு. அந்தப் பொய்யால் போகிற உயிருக்குப் பழைய சட்டத்தைப் பற்றிய பயமே பொறுப்பு.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. உங்கள் ஊரில் அடுத்து கூடும்போது தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் பிறகு இதையும் எழுந்து கேளுங்கள். நம் ஊரில் இன்று ராத்திரி ஒருவருக்குச் சித்தம் கலங்கினால் ஸ்டேஷனிலிருந்து யார் வருவார், அவருக்கு 100-ஆவது பிரிவு தெரியுமா? எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார், அங்கே ராத்திரியில் ஊசி போட ஆள் உண்டா, ஹாலோபெரிடால் இருப்பில் உண்டா? ஆம்புலன்ஸும் போலீஸும் ஒருவருக்கொருவர் காத்திருக்காமல் சேர்ந்து வர என்ன ஏற்பாடு? 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஏன் இன்னும் எழுதவில்லை? சுகாதார ஆய்வாளரும் ஊராட்சிச் செயலரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். வாய்ப் பேச்சாக விட்டுவிடாமல், பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் மருத்துவமனையின் பெயரோடும் பொறுப்பானவரின் போன் எண்ணோடும் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.